வீட்டில் பேசும் பாஷை

(மேற்குச் சிட்னிப் புறநகர் ஒன்றில் தமிழ்ப் பெற்றோர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் "வீட்டில் பேசும் பாஷை" என்னும் விஷயமாய் நாம் பேசுவோமென்று நோட்டீசில் கண்டிருக்கின்றது. நாம் பாஷா பண்டிதருமல்ல, இலக்கணம் ஓதியவருமல்ல. ஆகவே தமிழின் தொன்மையைப் பற்றியோ, இனிமையைப் பற்றியோ, அது எந்தக் கடவுளின் வாயிலிருந்து வந்தது என்பதைப் பற்றியோ நம்மிடமிருந்து ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம். அவைகளைச் சொல்ல வேறு ஆட்கள் தாராளமாய் இருக்கின்றார்கள். அப்படிச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு, வீடு போய்ச் சேர்ந்ததும் தங்கள் பிள்ளைகளிடம் இங்கிலீஷில் பேசுகின்றவர்களும் அவர்களில் பலர். நாம் பேசப் போவதெல்லாம், நமது வீட்டுக்குள் யார் யாருடன் என்ன பாஷையில் பேசுகின்றார்கள், யார் பேச முடியாமல் வாய் மூடிக் கிடக்கின்றார்கள் என்கின்ற ஒரு சங்கதிதான்.

ரயிலில் கேட்கும் சப்தம்

தோழர்களே! காலையில் ஹாரிஸ் பார்க்கில் ரயில் ஏறி, பரமாட்டா, வெஸ்ட்மீட், வெண்ட்வர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி வரையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். குஜராத்தி, பஞ்சாபி, இந்தி, தெலுங்கு, தமிழ், சீனம், அரபி என்று பெட்டிக்குள் எத்தனை பாஷை! கொஞ்சம் தெற்கே ஃபேர்ஃபீல்டுக்குப் போனால் வியட்நாமியமும் அசிரியமும் கேட்கலாம். தமிழென்று எடுத்துக்கொண்டாலும் அது ஒரே ஊர்த் தமிழா? 1983-ஆம் வருஷத்துக் கொடுமைக்குப் பிறகு உயிர் தப்பி வந்த இலங்கைத் தமிழரின் தமிழும், கம்ப்யூட்டர் உத்தியோகத்திற்கு வந்த சென்னை, கோயமுத்தூர்க்காரர் தமிழும், மலாய் வார்த்தை கலந்த மலேசியத் தமிழரின் தமிழும் ஒரே மளிகைக் கடையில் ஒரே கறிவேப்பிலையைக் கேட்கின்றன.

2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி ராத்திரி இத்தேசத்தில் எடுத்த ஜனத்தொகைக் கணக்கைப் பாருங்கள். சுமார் 2 கோடியே 54 லட்சம் ஜனங்களில் 56 லட்சத்திற்கு மேற்பட்டவர்கள் இங்கிலீஷ் அல்லாத ஒரு பாஷையை வீட்டில் வழங்குகின்றவர்கள். சீன மாண்டரின், அரபி, வியட்நாமியம், காண்டனீஸ், பஞ்சாபி என்பன முதல் ஐந்து. தமிழுக்குச் சுமார் 95 ஆயிரம் பேர் இருக்கின்றார்கள். இது கேட்டவுடனே நம்மவர்களுக்கு மார்பு நிமிருகின்றது. ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கின்றது. இங்கிலீஷ் சரியாகப் பேச வராதவர்களும் அடியோடு வராதவர்களுமாக எட்டரை லட்சத்திற்கு மேற்பட்டவர்கள் இருக்கின்றார்கள். இந்த எண்ணைப் பற்றி எந்த மேடையிலாவது யாராவது மார்பு தட்டுகின்றார்களா? இல்லை. ஏனெனில் அந்த எண்ணுக்குள் சமையலறையில் நிற்கும் தாயும், மூலை அறையில் உட்கார்ந்திருக்கும் பாட்டனும் பாட்டியும் இருக்கின்றார்கள்.

பாஷையைத் தாழ்ப்பாளாக்கிய கதை

இத்தேசத்தில் பாஷையை வைத்து மனிதனை வெளியே தள்ளிய கதையை முதலில் சொல்லிவிடுகின்றோம். 1901-இல் இங்கு ஒரு குடியேற்றத் தடைச் சட்டம் செய்தார்கள். அதில் "கருப்பன் வரக் கூடாது", "ஆசியாக்காரன் வரக் கூடாது" என்று ஒரு வார்த்தையும் கிடையாது. வருகின்றவனுக்கு ஏதாவதொரு ஐரோப்பிய பாஷையில் 50 வார்த்தை வாசிப்பார்கள். அவன் அதைக் கேட்டு எழுத வேண்டும். எந்த பாஷை என்பது அதிகாரியின் இஷ்டம். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு வேறொன்று, அதுவும் தெரிந்தால் இன்னொன்று! 1909-க்குப் பிறகு அந்தப் பரீட்சையில் தேறியவர் ஒருவருமில்லை. தேறுவதற்காக அல்லவே அந்தப் பரீட்சை வைக்கப்பட்டது!

1934-இல் எகான் கிஷ் என்னும் எழுத்தாளர் இட்லரின் கொடுமையைப் பற்றிப் பேச இங்கு வந்தார். அவரை உள்ளே விட அரசாங்கத்துக்கு மனமில்லை. அவருக்கோ பல ஐரோப்பிய பாஷைகள் தெரியும். ஆகவே ஸ்காட்லாந்தின் கேலிக் பாஷையில் பரீட்சை வைத்தார்கள். அவர் தேறவில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் போயிற்று. ஸ்காட்லாந்து கேலிக் இச்சட்டம் கருதும் ஐரோப்பிய பாஷையல்ல என்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்! ஐரோப்பாவில் பிறந்து ஐரோப்பாவில் பேசப்படும் பாஷை ஐரோப்பிய பாஷை அல்லவாம்! தோழர்களே, பாஷையின் உயர்வு தாழ்வு அந்த பாஷையில் இல்லை, அதிகாரத்தின் சௌகரியத்தில்தான் இருக்கின்றது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? அந்தப் பரீட்சை 1958-இல்தான் ஒழிந்தது.

அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. நாம் நின்று பேசும் இந்த பூமி தாரக் ஜனங்களுடையது. பரமாட்டா என்கின்ற பெயரே அவர்கள் பாஷையிலிருந்து வந்தது. 1790, 1791-ஆம் வருஷங்களில் வில்லியம் டாஸ் என்னும் வெள்ளைக்காரச் சேனை அதிகாரி, பட்டியகராங் என்னும் இளம் பெண்ணிடம் சிட்னிப் பாஷையைக் கேட்டுக் கேட்டுத் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். அந்த நோட்டு இன்னும் லண்டனில் இருக்கின்றது. ஆனால் 1814-இல் கவர்னர் மக்குவாரி பரமாட்டாவில் ஒரு பள்ளிக்கூடத்தை ஏற்படுத்தி, அந்த ஜனங்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அதில் வைத்தார். பின்னால் அது இடம் மாறிய ஊருக்குத்தான் பிளாக்டவுன் என்று பெயர் வந்தது. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டால் பாஷை தானாகவே அறுந்துவிடும். ஒரு காலத்தில் இக்கண்டத்தில் 250-க்கு மேற்பட்ட பாஷைகள் இருந்தன. 2021 கணக்கில் ஆதிகுடிகளின் பாஷைகள் 167 வீடுகளில் வழங்குவதாகவும், அவைகளை வழங்குவோர் 77 ஆயிரத்துக்கும் குறைவு என்றும் கண்டிருக்கின்றது.

இதையெல்லாம் எதற்குச் சொல்லுகின்றோமென்றால், பஸ்ஸில் நாம் தமிழில் பேசும்போது எவனாவது திரும்பிப் பார்த்து, "இங்கிலீஷில் பேசு" என்பானேயானால், அவனுக்கு இந்த பூமியின் சரித்திரம் தெரியாதென்று அறிந்துகொள்ளவேயாகும். வீட்டில் ஒரு பாஷையும் வீதியில் ஒரு பாஷையும் பேசுவது தேசத் துரோகமல்ல. மதுரையில் சௌராஷ்டிரர் வீட்டில் சௌராஷ்டிரமும் கடைவீதியில் தமிழும் பேசவில்லையா? ஆம்பூர், வாணியம்பாடியில் வீட்டில் உருதுவும் சந்தையில் தமிழும் இல்லையா? அதனால் எந்த ஊர் முழுகிப் போயிற்று?

நமக்குள் இருக்கும் தாழ்ப்பாள்

நிற்க, வெள்ளைக்காரனைக் குறை கூறுவதோடு நம் பேச்சை முடித்துக்கொண்டால் உங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் சுலபம். ஆனால் நாம் வந்தது அதற்கல்ல. அவன் துறைமுகத்தில் வைத்த பரீட்சையை நாம் நம் வீட்டு வாசலில் வைத்துக் கொண்டிருக்கின்றோமா இல்லையா என்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்தார் பேச்சைக் கேட்டு மதராஸ்காரர் சிரிக்கின்றார். மதராஸ்காரர் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணத்தார் "இதுவும் தமிழா" என்கின்றார். கிராமத்திலிருந்து வந்த மாமியார் வாய் திறந்தால், அந்தப் பேச்சிலிருந்து ஜாதி தெரிந்துவிடுமோ என்று மருமகனுக்கு நடுக்கம். விருந்தாளி வந்தால், "எங்கள் பிள்ளைக்குத் தமிழே வராது" என்று வருத்தப்படுவதுபோல் பெருமை பேசுகின்ற பெற்றோர் எத்தனை பேர்!

இன்னொன்று. ஜனத்தொகைக் கணக்குத் தாளில் ஒரு விசித்திரம் இருக்கின்றது. இங்கிலீஷ் அல்லாத பாஷை இரண்டு வழங்கினாலும் ஒருவருக்கு ஒன்றைத்தான் எழுத வேண்டும். அதிகமாய் வழங்குவது எதுவோ அது. தகப்பன் தமிழன், தாய் தெலுங்குக்காரி என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் பாஷை என்று எதை எழுதுகின்றார்கள்? தகப்பன் பாஷையையே எழுதுகின்ற வீடுகள் இருக்கின்றன. ஆனால் குழந்தையைக் குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் எந்த பாஷையில் நடக்கின்றது? பெயர் மட்டும் "தாய்மொழி". பாத்தியம் மட்டும் தகப்பனுக்கு! இது என்ன நியாயம் என்று அந்தத் தாளை நிரப்புகின்ற தகப்பன்மாரைக் கேட்கின்றோம்.

பன்னிரண்டு வயதுத் துபாஷி

தோழர்களே! இப்பொழுது சொல்லப்போவது நாமே நேரில் அறிந்தது. பெயர், ஊர் வேண்டாம். நம்மவர் வீடு ஒன்றில் பன்னிரண்டு வயதுள்ள ஒரு பெண். தகப்பனாருக்கு இரவு வேலை. தாயாருக்கு இங்கிலீஷ் வராது. பாங்கிக் கடிதமா, மின்சார பில்லா, பள்ளிக்கூடத்து நோட்டீசா, எல்லாவற்றையும் அந்தப் பெண்தான் வாசித்துச் சொல்லும். டெலிபோனில் தாய் மாதிரியே பேசி முடித்துவிடும். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நாமும், "என்ன கெட்டிக்காரக் குழந்தை!" என்று மெச்சியிருக்கின்றோம். இதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ஒரு நாள் தாய்க்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதைக் கூச்சத்தினால் கணவனிடம் கூடச் சொல்லவில்லை. பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் சொன்னதைத் தாய்க்குச் சொல்ல வேண்டியது அந்தப் பெண். "இது கெட்ட கட்டியாய் இருக்கக் கூடும், தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் சோதிக்க வேண்டும்" என்று அவர் சொன்னார். பெண்ணுக்கு அவர் சொன்ன வார்த்தைகளில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியைச் சொல்ல மனம் வரவில்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தை தன் தாயின் முகத்தைப் பார்த்து, "நீ செத்துப் போகலாம்" என்று எப்படிச் சொல்லும்? "ஒன்றுமில்லையாம் அம்மா, பிறகு வந்து பார்க்கச் சொன்னார்" என்று சொல்லிவிட்டது. தாயும் நிம்மதியாய் வீட்டுக்கு வந்து உலை வைத்தாள்.

இரண்டு மாதங் கழித்து, ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. அது தகப்பன் கையில் சிக்கியபோதுதான் சங்கதி வெளியாயிற்று. பிறகு அறுவை வைத்தியம், மருந்து எல்லாம் நடந்து தாய் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பெண் இப்பொழுது பெரியவளாகி உத்தியோகம் பார்க்கின்றாள். சென்ற வருஷம் நம்மைக் கண்டபோது, "அந்த இரண்டு மாதம் என் குற்றமா?" என்று கேட்டாள். நாம் என்ன பதில் சொல்வது? "உன் குற்றமல்ல அம்மா! உன்னைக் கெட்டிக்காரி என்று மெச்சிய எங்கள் குற்றம், குழந்தையை நடுவில் உட்கார வைத்துப் பேசிய அந்த டாக்டரின் குற்றம்" என்று சொன்னோம். அவள் சிரித்தாள். ஆனால் நம்பவில்லை என்பது தெரிந்தது.

இந்த தேசத்தில் 1973 முதல் டெலிபோன் வழியாய் மொழிபெயர்ப்பாளரை அழைக்க அரசாங்க ஏற்பாடு இருக்கின்றது. 13 14 50 என்கின்ற எண்ணில் இரவும் பகலும் தமிழ் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட பாஷைகளில் ஆள் கிடைக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் காசு செலவில்லாமல் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். கேட்பது பிச்சையல்ல, உரிமை. ஆனால் நம் ஜனங்கள் கேட்பதில்லை. ஏன்? "மூன்றாம் மனிதர் முன்னால் சொல்லுவதா?" என்கின்ற கூச்சம் ஒன்று, "இங்கிலீஷ் தெரியாதென்று ஒப்புக்கொள்ளுவதா?" என்கின்ற வீண் மானம் ஒன்று. உயிரைவிடக் கூச்சம் பெரிது, குழந்தையின் மனதைவிட மானம் பெரிது என்றால், இது என்ன மானம்?

பெண்களைப் பூட்டி வைக்கும் பூட்டு

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். அந்தத் தாய்க்கு ஏன் இங்கிலீஷ் வரவில்லை? அவளுக்கு மூளை இல்லையா? ஊரில் பத்து வகுப்புப் படித்தவள், கணக்கில் புலி. குடியேறி வருகின்ற பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் அரசாங்க வகுப்பு இத்தேசத்தில் 1948 முதல் நடக்கின்றது. முன்பு 510 மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2021-இல் அந்த எல்லையையும் எடுத்துவிட்டார்கள். நிரந்தரமாய் வசிக்கும் உரிமை உள்ளவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இருந்தும் நம் பெண்கள் பலர் ஏன் போகவில்லை? "நான் இருக்கும்போது உனக்கு எதற்கு இங்கிலீஷ்?" என்கின்ற ஒரு வாக்கியத்தினாலேயே என்று சொல்லுவோம். இது அன்பினால் வந்த வாக்கியம் போலத் தோன்றும். ஆனால் இதன் அர்த்தம் என்ன? "நான் இல்லாவிட்டால் நீ கடைக்குப் போக முடியாது, போலீசுக்குச் சொல்ல முடியாது, என்னைவிட்டுப் போகவும் முடியாது" என்பதுதானே! வீட்டு பாஷை தமிழென்று பெருமை பேசிக்கொண்டு, அதையே பெண்ணுக்குச் சிறைச் சுவராக ஆக்குவதானால், அந்தத் தமிழ்ப்பற்றை நாம் கடுகளவும் மதிக்க மாட்டோம்.

இரண்டு பாஷை கேடா?

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. "வீட்டில் தமிழ் பேசினால் குழந்தைக்கு இங்கிலீஷ் வராது, மூளை குழம்பிவிடும்" என்று சொல்லி வீட்டில் தமிழை நிறுத்துகின்றவர்கள் இருக்கின்றார்கள். இது ஒரு மூடநம்பிக்கை. 1962-இல் கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் பீல், லாம்பர்ட் என்னும் இருவர் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பிரெஞ்சும் இங்கிலீஷும் சரிசமமாகத் தெரிந்த பிள்ளைகள் ஒரே பாஷைப் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்களல்ல, பல சோதனைகளில் மேலானவர்கள் என்று கண்டார்கள். மேலா, சமமா என்பதில் பின்னால் வந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குள் வாதம் இருக்கின்றது. ஆனால் கேடு என்பதற்கு ஆதாரமில்லை. இங்கிலீஷோ, பள்ளிக்கூடமும் டெலிவிஷனும் விளையாட்டு மைதானமும் எப்படியும் கொடுத்துவிடும். தமிழை வீட்டைத் தவிர யார் கொடுப்பார்கள்? தகப்பனும் தாயும் தங்களுக்கு அரைகுறையாய் வந்த இங்கிலீஷில் குழந்தையிடம் பேசினால், குழந்தைக்குக் கிடைப்பது அரைகுறைத் தகப்பனும் அரைகுறைத் தாயுமே. வேடிக்கை பேசவும், கோபிக்கவும், காரணம் காட்டவும், மன்னிப்புக் கேட்கவும் எந்த பாஷை உங்களுக்கு முழுமையாய் வருகின்றதோ அதில் பேசுங்கள்.

மைக்கேல் கிளைன் என்னும் ஆஸ்திரேலிய பாஷா ஆராய்ச்சியாளர் ஜனத்தொகைக் கணக்குகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். டச்சுக்காரர்களில் வந்து குடியேறிய முதல் தலைமுறையிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார்கள், கிரேக்கர்களோ மிகச் சிலரே மாறினார்கள் என்று அவர் காட்டினார். "பார், எவ்வளவு சீக்கிரம் கலந்துவிட்டார்கள்!" என்று டச்சுக்காரர்களை அன்று புகழ்ந்தார்கள். ஆனால் வயோதிகத்தில் மறதி நோய் கண்டால், பின்னால் கற்ற இங்கிலீஷ் பலருக்கு முதலில் நழுவிப் போகின்றது. சிறு வயதுப் பாஷையே மிஞ்சுகின்றது. அப்பொழுது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தப் பிள்ளைக்கே கிழவர் பேசுவது புரியாது. தண்ணீர் கேட்கின்றாரா, கக்கூசுக்குப் போக வேண்டுமென்கின்றாரா என்பது தெரியாது. இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கும் ஒரு நாள் அந்த வயது வரும் என்பதை மறக்க வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

ஆகவே, தோழர்களே, நாம் சொல்லுவது இதுதான். பாஷை மனிதனுக்காக, மனிதன் பாஷைக்காக அல்ல. அதைக் கும்பிடவும் வேண்டாம். அதற்கு வெட்கப்படவும் வேண்டாம். ஒரு வீட்டில் என்ன பாஷை பேசப்படுகின்றது என்பதைவிட, அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லவும், தங்களைப் பற்றிச் சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ளவும் முடிகின்றதா என்பதே கேள்வி. முடிந்தால் அது நல்ல வீடு. இல்லாவிட்டால் அங்கு எந்த பாஷை இருந்தும் பிரயோஜனமில்லை.

பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் பாங்கிக்கும் துபாஷியாக்காதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உங்கள் மனைவியை இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்புங்கள். "அனுப்புங்கள்" என்றதும் தப்பு. அவர்கள் போகும்போது குறுக்கே நிற்காதீர்கள்; அந்த நேரத்துக்குச் சமையலை நீங்கள் பாருங்கள். சனி, ஞாயிறு தமிழ் வகுப்பில் புராணத்தை ஒப்புவிக்கச் செய்வதோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் தங்கள் சந்தேகத்தைத் தமிழில் கேட்கவும், பெரியவர்கள் கோபிக்காமல் தமிழில் பதில் சொல்லவும் வழி செய்யுங்கள். நீங்கள் தமிழில் கேட்டதற்குப் பிள்ளை இங்கிலீஷில் பதில் சொன்னால் அடிக்காதீர்கள். நீங்கள் தமிழிலேயே தொடர்ந்து பேசுங்கள். அடிவாங்கிக் கற்ற பாஷையில் எந்தப் பிள்ளையும் பிற்காலத்தில் அன்பாய்ப் பேசப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டில் யார் அதிகமாய்ப் பேசாமல் இருக்கின்றார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் போய், அவர்களுக்கு வருகின்ற பாஷையில், "உடம்பு எப்படி இருக்கின்றது?" என்று கேளுங்கள். வருகின்ற பதிலைக் கடைசி வரையில் இருந்து கேளுங்கள். நாம் பேசியது சரியா தப்பா என்பதை நம் பேச்சைக் கொண்டு அல்ல, அந்தப் பதிலைக் கொண்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.